முதலில் பேனா, அப்புறம் ஃபோன்

"ரிசல்ட் வந்த வாரத்துல கணக்கைப் பத்தி எழுதினா எவன் படிப்பான்?" என்று நம் ஆசிரியர் குழுவிலேயே கேட்டார்கள். எனக்கென்னவோ அந்த வாரத்தில்தான் எழுதணும்னு தோணுது. எம்-1 அரியர் லிஸ்ட்டின் சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டிய விஷயம் இது.

சொல்ல வருவது ஒன்றுதான். உங்க ஃபோனில் காசில்லாமல் கிடைக்கும் கிராஃபிங் கால்குலேட்டரை வைத்து அல்ஜீப்ராவை நல்லாவே கத்துக்கலாம். ஆனா விடை எப்படி இருக்கும்னு முதலில் நீங்க கணிச்சு பேப்பரில் எழுதணும். அதுக்கப்புறம்தான் திரையைப் பார்க்கணும். இந்த வரிசை மாறினா அந்த ஆப் உங்களுக்கு ஒண்ணும் கத்துக்கொடுக்காது. வரிசை சரியா இருந்தா, பாப்பாரப்பட்டி மாதிரி ஊரிலிருந்து தமிழ் மீடியம் படிச்சுட்டு பஸ் ஏறி வர்ற ஒருத்தருக்கு அது தனி டியூஷன் வைத்த மாதிரி.

16 மார்க் கைவேலை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஞாபகப்படுத்திக்கோங்க. வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, மொத்தம் 16 மார்க். "இந்த ரெண்டையும் போட்டுட்டா பாஸ் ஆகறதுக்குப் பாதி தூரம் வந்தாச்சு" என்று எல்லா பள்ளியிலும் சொல்வாங்க. அட்டவணை போடு, புள்ளி வை, வளைவைக் கை நடுங்காம வரை, மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுது. அளவுத்திட்டம் எழுத மறந்தா மார்க் போச்சு. நாம எல்லாரும் இதில் கில்லாடிதான்.

அதில் வழக்கமா வரும் ஒரு கணக்கு: ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்பதற்கு வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். என்ன செய்வோம்? முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழிப்போம். ஒய் = 2எக்ஸ் − 6 என்று ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோட்டையும் அதே தாளில் வரைவோம். வளைவை அது 3 என்ற இடத்தில் தொடும். "விடை: எக்ஸ் = 3." முடிந்தது. 8 மார்க்.

இப்போ ஒரு கேள்வி. ஏன் கழிச்சோம்? கழிச்சா வர்ற கோட்டுக்கும், தீர்க்கச் சொன்ன சமன்பாட்டுக்கும் என்ன உறவு? கோடு வளைவை வெட்டாம ஏன் தொட்டுட்டு மட்டும் போச்சு? நம்ம வகுப்பில் பத்து பேரைக் கேட்டுப் பாருங்க. கழிக்கணும்னு தெரியும், ஏன்னு தெரியாது. ஒரு மதியம் முழுக்கப் புள்ளி வைத்துக் கோடு இழுத்ததில் கை பழகியிருக்கு, கண்ணு பழகலை. ஒரு கிராஃப் போடவே கால் மணி நேரம் ஆகும்போது "9-க்குப் பதிலா 8 இருந்தா என்ன ஆகும்?" என்று இன்னொரு கிராஃப் போட யாருக்குப் பொறுமை இருக்கும்?

கிராஃபிங் கால்குலேட்டர் வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். ஜியோஜீப்ராவையோ டெஸ்மாஸையோ திறங்க. அந்த வளைவை எழுதுங்க. அடுத்து கோடு. ஆனா 9 வர்ற இடத்தில் 'கே' என்று ஒரு எழுத்தை வைத்துக் கழிச்சுப் பாருங்க: ஒய் = 2எக்ஸ் + 3 − கே. ஆப் அந்த 'கே'வுக்கு ஒரு ஸ்லைடர் கொடுக்கும்.

இப்போ ஃபோனைக் கீழே வைங்க. பேப்பரில் எழுதுங்க: கே = 8 என்றால் எத்தனை இடத்தில் வெட்டும்? கே = 10 என்றால்?

எழுதியாச்சா? ஸ்லைடரை நகர்த்துங்க. 8-ல் கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டுது, எக்ஸ் = 2, எக்ஸ் = 4. 9-ல் ஒரே புள்ளியில் தொடுது. 10-ல் வளைவுக்குக் கீழேயே நழுவி ஓடிடுது, தொடவே இல்லை. சாய்வு மாறாம ஒரே கோடுதான் இறங்கிட்டே வருது. இரண்டு விடை, ஒரே விடை, மெய் விடையே இல்லை.

பத்தாம் வகுப்பில் 'தன்மைக்காட்டி' என்று மனப்பாடம் பண்ணோமே, காலேஜில் 'டிஸ்கிரிமினன்ட்' என்று பேர் மாத்திக்கிட்டு வந்ததே, அது இதுதான். இந்தச் சமன்பாட்டுக்கு அதைக் கணக்குப் போட்டால் 36 − 4கே. கே 8 என்றால் 4, 9 என்றால் பூஜ்யம், 10 என்றால் −4. மூணு எண்ணும் மூணு படமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். பேப்பரில் நீங்க எழுதினது தப்பா இருந்தா இன்னும் நல்லது. எங்கே தப்பு என்று அந்த நிமிஷமே தெரிஞ்சிடும், பேப்பர் திருத்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இது நமக்கு ஏன் பழக்கமில்லை?

கிராஃபிங் கால்குலேட்டர் புதுசு ஒண்ணும் இல்லை. கேசியோ கம்பெனி 1985-லேயே எஃப்எக்ஸ்-7000ஜி என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81-ஐக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஏபி கால்குலஸ் தேர்வில் 1995-லிருந்தே அது கட்டாயம். இப்போ டிஜிட்டலாக நடக்கும் எஸ்ஏடி தேர்வில் டெஸ்மாஸ் கால்குலேட்டர் தேர்வுத் திரைக்குள்ளேயே இருக்கு.

நம்ம பக்கம் கதை வேற. பிளஸ் டூ வரைக்கும் கணிதத் தேர்வில் கால்குலேட்டரே கிடையாது, லாகரிதம் அட்டவணைதான். ஜேஇஇ-யிலும் இல்லை. கேட் தேர்வில் திரையில் ஒரு கால்குலேட்டர் வரும், ஆனா கிராஃப் போடாது. காலேஜ் வந்ததும் நம்ம கைக்கு வருவது எஃப்எக்ஸ்-991. நல்ல கருவிதான், குறை சொல்லலை. முப்படிச் சமன்பாட்டின் கெழுக்களை அடிச்சா மூணு மூலத்தையும் வரிசையா கொடுத்திடும். ஆனா எங்கிருந்து வந்தது, ஏன் மூணு, ஏன் சில நேரம் ஒண்ணு மட்டும் மெய் எண் என்று அது சொல்லாது.

தனியா கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கணும்னா ஆயிரக்கணக்கில் செலவு. அதனால் அந்தப் பழக்கம் நம்ம பக்கம் வரவே இல்லை. இப்போ அந்தச் சாக்குக்கு இடமில்லை. ஜியோஜீப்ராவை மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது தொடங்கினார். இன்னைக்கு வரைக்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அது இலவசம். ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். டவர் விட்டு விட்டு வரும் பஸ் பயணத்திலும் போட்டுப் பார்க்கலாம். நம்ம பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்கூட 'இணையச் செயல்பாடு' என்று போட்டு க்யூஆர் கோடு இருந்ததே, ஞாபகம் இருக்கா? ஸ்கேன் பண்ணா ஜியோஜீப்ராதான் திறக்கும். அரசாங்கமே புத்தகத்தில் அச்சடிச்சுக் கொடுத்த விஷயம். நம்மில் எத்தனை பேர் ஸ்கேன் பண்ணோம் என்பது தனிக் கேள்வி.

திரை பொய் சொல்லும்

"அப்போ ஆப்பே எல்லாம் காட்டிடுமே, பேனா எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு.

எம்-1 முதல் யூனிட். மூலைவிட்டத்தில் 8, 7, 3 இருக்கும் அந்தப் புகழ்பெற்ற மேட்ரிக்ஸ். ஐகன் மதிப்புகள் 0, 3, 15. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். அதன் சிறப்பியல்புச் சமன்பாடு எக்ஸ்³ − 18எக்ஸ்² + 45எக்ஸ் = 0. இதன் இடப்பக்கத்தை ஆப்பில் வரைஞ்சு பாருங்க. திறந்தவுடன் இருக்கும் திரை கிட்டத்தட்ட −10-லிருந்து 10 வரை. வளைவு 0-வில் மேலே ஏறித் திரைக்கு வெளியே போகும். திரும்பி வந்து 3-ல் கீழே இறங்கும். அப்படியே பாதாளத்துக்குப் போயிடும். திரையைப் பார்த்தா இரண்டே விடை. 15 எங்கே?

ஆப் மேல் தப்பில்லை. நீங்க கேட்ட ஜன்னல் வழியா தெரிவதை அது காட்டுது. அந்த வளைவு கிட்டத்தட்ட −354 வரை இறங்கிட்டு, அப்புறம்தான் ஏறி 15-ல் அச்சைத் தாண்டுது. அதைத் தேடி ஜன்னலைப் பெரிசாக்கணும்னு உங்களுக்கு யார் சொல்வது? அல்ஜீப்ரா சொல்லும். முப்படிச் சமன்பாடு, வளைவு 3-ல் கீழே போயிருக்கு, ஆனா எக்ஸ் ரொம்பப் பெரிசானால் எக்ஸ்³ ஜெயிச்சு மேலே வந்தே ஆகணும். அதனால் வலது பக்கம் இன்னொரு வெட்டு இருந்தே தீரணும். மூலைவிட்டத்தைக் கூட்டினால் 8 + 7 + 3 = 18. மூலங்களின் கூடுதலும் 18. இரண்டு மூலம் 0, 3 என்றால் மூணாவது 15. இதைப் பேப்பரில் முதலில் எழுதியவருக்கு எங்கே பார்க்கணும்னு தெரியும். எழுதாதவர் "சார், ரெண்டுதான் வருது" என்று நிற்பார்.

இன்னொரு உதாரணம். எக்ஸ்² − 4.01எக்ஸ் + 4.02 = 0. வரைஞ்சு பாருங்க. வளைவு 2 என்ற இடத்தில் அச்சைத் தொட்டுட்டுப் போற மாதிரியே இருக்கும். "சமமான மூலங்கள்" என்று எழுதத் தோணும். தன்மைக்காட்டியைப் போடுங்க: 16.0801 − 16.08 = 0.0001. பூஜ்யம் இல்லை. மூலங்கள் 2, 2.01. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியை அல்ஜீப்ரா பிடிச்சிடுச்சு. இடைவெளி இருக்குன்னு தெரிஞ்ச பிறகு ஜூம் பண்ணா ஆப்பும் ஒத்துக்கும்.

ஆக, இரண்டும் ஒண்ணையொண்ணு சரிபார்க்கணும். படம் மட்டும் போதாது, அடிச்சு வர்ற எண் மட்டும் போதாது.

தினமும் செய்ய மூணு வேலை

ஒன்று, சந்தேகமான சூத்திரத்தைச் சோதிக்க. (எக்ஸ் + 3)² என்பதை எக்ஸ்² + 9 என்று அவசரத்தில் எழுதுவது நம்ம காலேஜின் தேசிய விளையாட்டு. இரண்டையும் வரைஞ்சா இரண்டு தனி வளைவு வரும், எக்ஸ் = 0 என்ற ஒரே இடத்தில் மட்டும் சந்திக்கும். நடுவில் விட்டுப்போனது 6எக்ஸ். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது சந்தேகம் வந்தால் இரண்டு வரியையும் வரைங்க. ஒண்ணு மேல ஒண்ணு படியலைன்னா தப்பு. படிஞ்சா பெரும்பாலும் சரி, நிரூபணத்தைப் பேனாதான் தரணும்.

இரண்டு, திருட்டு விடையைப் பிடிக்க. எக்ஸ் + 6-இன் வர்க்கமூலம் = எக்ஸ். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0. விடை 3, −2. இரண்டு பக்கத்தையும் தனித்தனியா வரைஞ்சு பாருங்க, ஒரே இடத்தில்தான் சந்திக்குது. −2 எங்கிருந்து வந்தது? வர்க்கப்படுத்தியபோது உள்ளே நுழைஞ்சது. "விடையைப் பிரதியிட்டுச் சரிபார்" என்று ஆசிரியர்கள் ஏன் தலையால அடிச்சுக்கிட்டாங்கன்னு அப்போ புரியும்.

மூணு, நம்ம ஊர்க் கணக்கைப் போட. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பணும் என்று வைத்துக்கோங்க. குட்டியானை தனியா பிடிச்சா வாடகை 600 ரூபாய், அதோடு பெட்டிக்கு 10 ரூபாய் ஏற்றுக்கூலி. பலபேர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் பெட்டிக்கு 25 ரூபாய், வேற செலவில்லை. எது லாபம்? இரண்டு கோடும் 40 பெட்டியில் சந்திக்கும். அதுக்குக் கீழே கூட்டு வண்டி, அதுக்கு மேலே குட்டியானை. அசமன்பாடு என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கூட இந்தப் படத்தைப் பார்த்தால் தலையாட்டுவார். வாடகை 600-லிருந்து 750 ஆனால் எத்தனை பெட்டி? முதலில் சொல்லுங்க, அப்புறம் ஸ்லைடர்.

"ஹால்ல விடமாட்டாங்களே?"

சரியான கேள்வி. விடமாட்டாங்க, ஃபோன் உள்ளேயே போகாது. நான் கேட்பது, நெட் பிராக்டிஸில் போடும் கயிறையும் வலையையும் மேட்ச்சுக்கா கொண்டுபோறோம்? பழக்கத்துக்குத்தான் அது. ஐம்பது வளைவை ஸ்லைடரில் நகர்த்திப் பார்த்தவர், ஹாலில் ஒரு சமன்பாட்டைப் பார்த்ததும் அது எங்கே வெட்டும், எத்தனை முறை திரும்பும் என்று மனசுக்குள்ளேயே வரைவார். கால்குலேட்டர் 991 ஒரு தப்பான விடையைக் கொடுத்தால் (கெழுவை நாம தப்பா அடிச்சிருப்போம்) "இது வரக்கூடாதே" என்று உறைக்கும்.

"கணக்கை ஃபோட்டோ எடுத்தா ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுத் தர்ற ஆப்பே இருக்கே, அதைவிட இது எப்படி ஒசத்தி?" என்றும் கேட்பீங்க. அந்த ஆப் நீங்க கேட்காத கேள்விக்கும் பதில் எழுதித் தந்திடும். நீங்க செய்ய வேண்டியது பார்த்து எழுதுவது மட்டும். அசைன்மென்ட் முடியும், ஹாலில் கை நிற்கும். கிராஃப் அப்படி இல்லை. என்ன வரையணும், எந்த ஜன்னலில் பார்க்கணும், பார்த்ததுக்கு என்ன அர்த்தம், மூணையும் நீங்கதான் சொல்லணும். அந்த வேலைதான் படிப்பு.

"கால்குலேட்டர் வந்தா மூளை மழுங்கிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கு. விடையைத் திரையில் பார்த்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி ஸ்டெப் எழுதினால் மழுங்கத்தான் செய்யும். பேனா முதலில் என்று நான் அடம்பிடிப்பது அதுக்காகத்தான்.

யாருக்கு இது முக்கியம்?

அரியர் லிஸ்ட்டில் இருக்கும் பேர்களைப் பாருங்க. பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க் எடுத்தவர்கள் அதில் இருக்காங்க. பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழில் படிச்சவங்க. 'பரவளையம்' தெரியும், 'பராபோலா' என்று கேட்டால் திகைப்பு. 'மூலங்கள்' தெரியும், 'ரூட்ஸ்' என்றதும் புதுசா ஏதோ என்ற பயம். கணக்கு வராதவங்க இல்லை, சொல் மாறியதில் வழி தவறியவங்க. வீட்டில் முதல் தலைமுறையா இன்ஜினியரிங் வந்திருக்கும் பிள்ளை ஒரு எம்-1 அரியரில் "எனக்கு இது செட் ஆகாது" என்று முடிவு பண்ணிக்கிறது. வீட்டில் போய் சொல்லவும் முடியாது, சொன்னாலும் சரிபார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இழப்பு ஒரு பேப்பரோடு நிற்பதில்லை.

படத்துக்கு மீடியம் கிடையாது. வளைவு கோட்டைத் தொடுவதைப் பார்த்தவருக்கு, அதைத் தமிழில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் அதே வளைவு, அதே கோடு. முதலில் படம், அதன்மேல் புதுச் சொல்லை ஒட்டினால் சொல் பயம் காட்டாது. கிராஃபிங் கால்குலேட்டரால் அதிகப் பயன் முதல் பெஞ்ச் டாப்பருக்கு இல்லை, கடைசி பெஞ்சில் கை தூக்கத் தயங்கும் இந்த ஆளுக்குத்தான்.

அதனால் மூணு கோரிக்கை. துறைக்கு: வாரம் ஒரு டுடோரியல் மணி நேரமாவது ஃபோனை வெளியே எடுக்க அனுமதி கொடுங்க, அசைன்மென்ட்டில் "முன்கணிப்பு, படம், விளக்கம்" என்று மூணு கட்டமாகக் கேளுங்க. சீனியர்களுக்கு: ஜூனியர் சந்தேகம் கேட்டா விடையை வாட்ஸப்பில் தட்டாதீங்க, ஒரு ஸ்லைடரை வைத்து நகர்த்திக் காட்டுங்க. எங்கே தொடங்கறதுன்னு தெரியலைன்னா ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் ஜியோஜீப்ரா பாடங்கள் இருக்கு. ஊருக்குப் போற எல்லாருக்கும்: நீங்க படிச்ச அரசுப் பள்ளியில் இப்போ உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த 8 மார்க் கணக்கில் கோடு ஏன் வளைவைத் தொடுதுன்னு காட்டிட்டு வாங்க. அவங்க நம்ம வகுப்புக்கு வரும்போது பயம் இல்லாம வருவாங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு. 2-இன் அடுக்கு எக்ஸ் = எக்ஸ்². எக்ஸுக்கு எத்தனை மெய் விடை? எக்ஸ் = 2 ஒரு விடை, அது வாய்க்கணக்காவே தெரியும். மத்தது எத்தனை, எங்கெங்கே என்று ஒரு தாளில் எழுதி, கீழே தேதி போட்டு மடிச்சு வைங்க. அதுக்கப்புறம் ஆப்பைத் திறங்க. திரையில் முதலில் தெரிவதை நம்பாதீங்க, மேலே கொஞ்சம் தள்ளிப் பாருங்க, இடது பக்கமும் பாருங்க. உங்க முன்கணிப்பு எதுவா இருந்தாலும் அதையும் சேர்த்து அடுத்த இதழுக்கு அனுப்புங்க. தப்பான முன்கணிப்பையும் போடுவோம், அதுதான் படிக்க சுவாரஸ்யமா இருக்கும்.